நிலைத்திருப்பதும் நிறைவாயிருப்பதும்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணி கிடைத்த செவிலியர் வேலையை விட்டுப் போவது அபூர்வம். அதே ஊரின் தனியார் மருத்துவமனையில் ஒரே வார்டில் மூன்று வருடம் தொடர்ந்து ஒரே முகத்தைப் பார்ப்பதும் அபூர்வம். வெளியேறுவோர் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் முன்னவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், பின்னவர் மனம் வெறுத்துப் போகிறார் என்று முடிவுகட்டிவிடலாம். வார்டுக்குள் நுழைந்து பேசினால் அந்த முடிவு நிற்காது. அரசுப் பணியில் இருபது வருடம் நின்றவரிடம் களைப்பும் கசப்பும் இருக்கும். தனியாரை விட்டு வளைகுடாவுக்குப் போனவர், தன் பழைய வார்டையும் அங்கிருந்த சிஸ்டர்களையும் பிரியத்தோடு நினைத்துக்கொள்வார்.

செவிலியரின் பணித் திருப்தி பற்றிய பேச்சு அடிக்கடி தடம் மாறிப் போவதற்குக் காரணம், வேலையில் நிலைப்பதையும் வேலையில் நிறைவு காண்பதையும் ஒன்றாகவே எண்ணுவதுதான். ஆளை நிறுத்திவைக்க வழிகள் பல: காலமுறை ஊதியம், இடையில் போனால் பணம் கட்டச் சொல்லும் பாண்டு, பிடித்துவைத்த அசல் சான்றிதழ், வெளியே வேறு வேலை இல்லாத நிலை. இவற்றில் எதுவும் தன்னளவில் நிறைவைத் தந்துவிடாது. இரண்டும் ஒன்றாகக் கூடிவரும் மருத்துவமனைகள் உலகில் உண்டு. அங்கே என்ன இருந்தது என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் தேடி வந்திருக்கின்றன. கிடைத்த விடையும் ஓரளவு தெளிவானது.

தேடல் ஒரு துயரத்திலிருந்துதான் தொடங்கியது. லண்டனில் ஒரு போதனா மருத்துவமனையை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் தன் முடிவுகளை 1960இல் வெளியிட்டார். அங்கே பயிற்சிக்குச் சேர்ந்த மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே போய்விட்டனர். நல்ல மாணவிகளும் அவர்களில் கணிசமாக இருந்தார்கள். காரணத்தை மென்சீஸ் அந்தப் பெண்களின் மனவலிமையில் தேடவில்லை, மருத்துவமனையின் வேலை முறையில் தேடினார். மரணமும் வலியும் தரும் பதற்றத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அந்த நிறுவனம் வேலையைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தது. ஒருத்தி எல்லா நோயாளிக்கும் வெப்பம் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பாள். எவரும் எந்த நோயாளியையும் முழுசாகக் கவனிக்க வாய்ப்பில்லை. பழகுவதற்குள் வேறு வார்டுக்கு மாற்றம். பதற்றத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடு, இந்த வேலைக்கு ஆசையோடு வந்தவர்களிடமிருந்து அந்த ஆசையின் பொருளையே பறித்துவிட்டது. நம் ஊர் வார்டில் ஒருவர் ஊசிக்கு, ஒருவர் டிரிப்புக்கு, ஒருவர் ரிஜிஸ்டருக்கு என்று வேலை பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டார மருத்துவமனைகளை ஆராய்ந்த ரெஜினால்டு ரெவன்ஸ் இன்னொரு தொடர்பைக் காட்டினார். செவிலியர் நிலைத்து நிற்கும் மருத்துவமனைகளில் நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கீழே இருப்பவர் கேள்வி கேட்கத் துணியும் இடத்தில் இரண்டும் நன்றாக இருந்தன. 1974இல் அமெரிக்காவில் மார்லீன் கிரேமர், படிப்பு முடித்து வார்டில் கால் வைக்கும் இளம் செவிலியரின் அதிர்ச்சியை ஒரு நூலாகவே எழுதினார். கல்லூரியில் நோயாளியை மையமாக வைத்துக் கற்றுத் தருகிறார்கள். வார்டிலோ டியூட்டி முடிவதற்குள் வேலையை முடிப்பதே எல்லாம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவிக்கும் முதல் வருடத்தில்தான் பலர் இந்த வேலை வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள்.

இந்தக் காலகட்டத்தில் மேலாண்மைப் பாடங்களில் ஹெர்ஸ்பெர்க் கோட்பாடு புகழ்பெற்றிருந்தது. 1959இல் வந்த அவர் நூல், அதிருப்தியை நீக்கும் காரணங்கள் வேறு, நிறைவைத் தரும் காரணங்கள் வேறு என்றது. சம்பளமும் விதிமுறைகளும் முதல் வகை. வேலையின் தன்மையும் அங்கீகாரமும் சாதித்த உணர்வும் இரண்டாம் வகை. நம் செவிலியர் கல்லூரிகளின் நிர்வாகப் பாடத்தில் இது இன்றும் சொல்லித் தரப்படுகிறது. கோட்பாட்டில் உண்மை இருக்கிறது, ஆனால் அதை எடுத்தாளும் விதம் எனக்கு உறுத்துகிறது. ஹெர்ஸ்பெர்க் பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்களையும் கணக்காளர்களையும். கல்விக் கடனைக் கட்ட முடியாத சம்பளத்தில், எட்டுப் பேர் தங்கும் விடுதி அறையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் போய், சம்பளம் நிறைவைத் தராது என்று சொல்வதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைப்பது அநியாயம்.

பெரிய திருப்பம் 1983இல் நேர்ந்தது. அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்த நேரம். அமெரிக்கச் செவிலியர் அகாதெமி கேள்வியையே மாற்றிக் கேட்டது. ஏன் போகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, போகாமல் நிற்கும் மருத்துவமனைகளில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். நாடு முழுவதும் 163 மருத்துவமனைகளை எடுத்து, ஆளைக் காந்தம்போல் ஈர்த்துத் தக்கவைத்திருந்த 41ஐப் பிரித்தெடுத்தார்கள். அங்கே செவிலியர் தலைவருக்கு நிர்வாகத்தில் உண்மையான இடம் இருந்தது. தன் நோயாளி குறித்து முடிவெடுக்கும் உரிமை வார்டில் நிற்பவருக்கு இருந்தது. ஆள் எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. மருத்துவர்கள் செவிலியரைச் சக தொழிலராக நடத்தினார்கள். இதிலிருந்து பிறந்த ‘மேக்னட்’ அங்கீகாரத்தை முதலில் பெற்றது, 1994இல், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனை. இன்று அது கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கும் சான்றிதழ். ஏற்கெனவே வசதியும் நல்ல நிர்வாகமும் உள்ள இடங்களே அதைத் தேடிப் போகும் என்பதால், சான்றிதழ்தான் நன்மையைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது.

எண்ணிக்கையின் பங்கை உறுதியாகக் காட்டியவர் லிண்டா எய்க்கன். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரிடம் கேட்டு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைசிகிச்சை நோயாளிகளின் பதிவுகளோடு இணைத்து 2002இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் மேற்கோளாகிறது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அனுமதிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. செவிலியர் மனமும் உடலும் ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி கொள்ளும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடின. அப்படி ஓய்ந்து, அதிருப்தியும் கொண்டவர்களில் 43 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் வேலையை விடும் எண்ணத்தில் இருந்தார்கள். ஓயாமல், திருப்தியோடு இருந்தவர்களில் அந்த எண்ணம் கொண்டவர்கள் 11 சதவீதமே. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்விலும் மரண வாய்ப்புக்கு அதே 7 சதவீதம் கிடைத்தது. அங்கே பட்டப்படிப்பு முடித்த செவிலியர் கூடுதலாக இருந்த மருத்துவமனைகளில் மரணங்களும் குறைவாக இருந்தன.

இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறபோது எனக்குத் தோன்றுவது இது. செவிலியர் களைத்துப் போவதும் நோயாளி சாவதும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. அப்படியிருக்க, செவிலியர் நலனை ஊழியர் நலத்திட்டமாகவும் நோயாளி பாதுகாப்பைத் தனி விஷயமாகவும் இரண்டு கோப்புகளில் வைத்திருக்க எந்த நியாயமும் இல்லை.

இந்த ஆய்வுகள் ஒரு நேரத்தில் எடுத்த படங்கள்தாமே, காரணத்தை நிறுவுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, சட்டம் போட்டுப் பார்த்த இடங்களிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2000ஆம் ஆண்டில் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள் என்ற விகிதத்தைக் கட்டாயமாக்கியதும், வேலையை விட்டிருந்த ஆயிரக்கணக்கான செவிலியர் அரசு மருத்துவமனைகளுக்குத் திரும்பினார்கள். பற்றாக்குறை என்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி, உள்ளே வர மனமில்லாமல் வீட்டில் இருந்தவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி 2004 முதல் அமல்படுத்தியது. பொது வார்டில் ஒருவருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் தரக்கூடாது என்ற நிலை 2005இல் வந்தது. குவீன்ஸ்லாந்து 2016இல் பகலில் சராசரியாக நால்வருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 27 மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. விகிதம் வந்த இடங்களையும் வராத இடங்களையும், முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வு, கூடுதல் ஆட்களுக்கான செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல், மறு அனுமதி குறைந்ததாலும் நோயாளிகள் தங்கும் நாட்கள் குறைந்ததாலும் மிச்சமானதாகக் கணித்தது. செலவு கட்டாது என்ற வாதத்தை எடுப்பவர்கள் இந்தக் கணக்கைக் கடந்துதான் வர வேண்டும்.

இந்தியாவின் கதை பற்றாக்குறையிலேயே தொடங்குகிறது. 1946இல் அறிக்கை தந்த போர் (Bhore) சுகாதாரக் குழுவின் கணக்குப்படி பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியரே இருந்தார்கள். 43,000 பேருக்கு ஒருவர். அடுத்த ஆண்டே இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் வந்தது. இரவில் வெளியே தங்குவது, அந்நிய ஆண் உடலைத் தொடுவது, மலத்தையும் ரத்தத்தையும் துடைப்பது ஆகியவற்றுக்கு நம் சாதிச் சமூகம் கற்பித்த இழிவு இந்த வேலையின் மதிப்பையும் கூலியையும் தலைமுறைகளாகக் கீழே பிடித்துவைத்தது. கேரளத்திலும் தமிழகத்திலும் மிஷன் மருத்துவமனைகளின் வழியே கிறித்தவப் பெண்கள் முதலில் திரளாக இதற்குள் வந்தது தற்செயல் இல்லை. சேவை என்ற சொல்லைக் காட்டியே சம்பளப் பேச்சைத் தள்ளிப்போட்ட பழக்கமும் அப்போதிலிருந்தே தொடர்கிறது.

தனியார் துறை வளர்ந்தபோது, ஆள் நிற்காததற்குத் தீர்வாக வந்தது பாண்டு. வேலையில் சேரும்போதே அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, இடையில் போனால் பெருந்தொகை கட்டச் சொல்லும் முறை. ஆளை நிறுத்துவதில் அது வெற்றி பெற்றது; நிறைவு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 2011, 2012 ஆண்டுகளில் கேரளச் செவிலியர் தெருவுக்கு வந்தது இந்த அடைப்புக்கு எதிராகத்தான். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட, மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு ஓர் அளவை வகுத்தது. 200 கட்டிலுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 100க்கு மேல் என்றால் 10 சதவீதம் வரை குறையலாம், 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம் வரை. மிகச் சிறிய மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக்கூடாது. இது மாநிலங்களுக்கான வழிகாட்டுதலாகவே நின்றுவிட்டது. கேரளம் தொடர் போராட்டங்களுக்குப் பிறகு 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயை அடிப்படையாக வைத்துக் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் தனியார் செவிலியர் பலரின் சம்பளம் இன்றும் அந்தத் தொகைக்கு வெகு கீழே. அங்கிருந்து அவர்கள் போவதற்குக் காரணம் தேட ஆய்வு எதுவும் வேண்டாம்.

தமிழ்நாட்டு அரசுத் துறை இன்னொரு பாடம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் எழுத்துத் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு ஆண்டு கழித்துக் காலியிடத்தைப் பொறுத்துப் பணிநிரந்தரம் என்பது ஏற்பாடு. நிரந்தரச் செவிலியர் செய்யும் அதே வேலை, அதே நைட் டியூட்டி, சம்பளம் மட்டும் ஒரு சிறு பங்கு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகமான டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். தொகை பிறகு 14,000 ஆகவும் 18,000 ஆகவும் உயர்ந்தது. அதே வேலைக்கு அதே சம்பளம் என்ற கோரிக்கை ஓயவில்லை. கோவிட் காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட 2,300க்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியரின் பணி 2022 டிசம்பர் இறுதியோடு முடிக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் இவர்களில் பெரும்பாலோர் வேலையை விடாமல் நின்றார்கள். நிரந்தரமாகும் என்ற நம்பிக்கை அவர்களை நிறுத்தியது. அதைப் பணித் திருப்தி என்று ஒரு அறிக்கை எழுதுமானால் அது பொய்யாகிவிடும்.

கோவிட் காலம் மறுபக்கத்தையும் காட்டியது. 2020 மே மாதத்தில் மணிப்பூரையும் வேறு மாநிலங்களையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான செவிலியர் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளை விட்டுச் சொந்த ஊர் திரும்பினார்கள். தங்களைக் காக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், தொற்றின் பெயரால் அக்கம்பக்கத்தாரின் விலக்கத்தையும் தாங்கிக்கொண்டு நிற்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

விகிதத்துக்கு வருகிறேன், எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது இதுதான். நம் நாட்டு அளவுகோல் கட்டிலுக்கு எத்தனை பணியிடம் என்று பேசுகிறது. ஒரு ஷிஃப்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. பொது மருத்துவமனையில் ஐந்து கட்டிலுக்கு ஒருவர், அதற்கு மேல் 30 சதவீதம் விடுப்பு ஒதுக்கீடு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. முப்பது கட்டில் உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர், ஒதுக்கீட்டோடு எட்டுப் பேர். வார விடுமுறை, தற்செயல் விடுப்பு, மகப்பேறு விடுப்பு போக ஒரு நாளில் டியூட்டியில் இருப்பவர் ஆறு பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், காலையில் மூவர், மதியம் இருவர், இரவில் ஒருவர். அதாவது, விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட நல்ல வார்டிலேயே இரவில் முப்பது பேருக்கு ஒருவர். பணியிடம் காலியாகக் கிடக்கும் வார்டில், கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்த நாளில் என்ன ஆகும் என்பதை வாசகரே கூட்டிக்கொள்ளலாம். குவீன்ஸ்லாந்தின் இரவு ஏழோடு இந்த முப்பதை ஒப்பிட்டால், அங்கே ஏன் நம் பெண்கள் விரும்பிப் போகிறார்கள் என்பதில் டாலர் பாதிக் காரணம்தான் என்று புரியும்.

முப்பது பேரோடு ஒருவர் தனியாக நிற்கும்போது நேரும் காரியத்துக்கு ஆய்வில் ஒரு பெயர் உண்டு: விடுபட்ட பராமரிப்பு. 2006இல் பியாட்ரிஸ் கேலிஷ் இதை முதலில் முறையாக ஆராய்ந்தார். ஊசியும் மருந்தும் விடுபடுவதில்லை, அவற்றைப் பதிவேடு கேட்கும். விடுபடுவது நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, நடக்கவைப்பது, வாய் சுத்தம் செய்வது, சூடு ஆறுவதற்குள் கஞ்சி புகட்டுவது, வீட்டுக்குப் போகுமுன் இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுத்தருவது, பயந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது. நம் வார்டுகளில் இவற்றை நோயாளியின் சொந்தக்காரர்கள் செய்துவிடுவதால் விடுபட்டதே வெளியே தெரிவதில்லை. செவிலியருக்கு மட்டும் தெரியும். செய்ய வேண்டியது எதுவென்று தெரிந்தும் செய்ய முடியாத நிலையில் எழும் வேதனையைத் தத்துவப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984இலேயே அறநெறித் துயரம் என்று விளக்கினார். என்னிடம் பேசிய செவிலியர் பலரும் சம்பளத்தைப் பற்றிக் கோபமாகவும் இதைப் பற்றித் தாழ்ந்த குரலிலும் பேசினார்கள். நிறைவின்மையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதோடு சேரும் சின்னச் சின்ன காரியங்கள் உண்டு. டியூட்டி ரோஸ்டர் யார் கையில் இருக்கிறது, நைட் முடித்து வந்தவரை மறுநாளே காலை டியூட்டிக்கு அழைக்கிறார்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தலைமைச் செவிலியர் என்ன பதில் சொல்கிறார், பொருள் கேட்டு இன்டென்ட் எழுதுவதிலும் கணினிப் பதிவிலும் எத்தனை மணி நேரம் போகிறது. உடனடி மேலதிகாரியின் நடத்தை நிற்பதையும் போவதையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதில் நாடுகளுக்கிடையே கருத்து வேறுபாடு குறைவு. பதவி உயர்வுக்குப் பல வருடம் காத்திருப்பதும், செவிலியருக்குத் தனி இயக்குநரகம் வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் நீண்ட காலமாக நிற்பதும், 1983இல் அந்த 41 மருத்துவமனைகளில் கண்ட அதிகாரப் பங்கீட்டோடு நேரடியாகத் தொடர்புடையவை. மருத்துவப் பணியாளர் மீதான தாக்குதலைத் தடுக்க 2008இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் கூட்டமாக வந்து கத்தும் உறவினரின் முன்னால் இரவில் தனியாக நிற்பவருக்கு முதலில் வேண்டியது பக்கத்தில் இன்னொரு ஆள்.

உலகளவில் 2023இல் 2.98 கோடி செவிலியர் இருந்ததாகவும், இன்னும் 58 லட்சம் பேர் தேவை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் கணித்தது. பணக்கார நாடுகள் அந்த இடைவெளியை நம்மைக் கொண்டு நிரப்புகின்றன. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியருக்கு ஜெர்மன் மொழி கற்றுத்தந்து அனுப்புகிறது. இலங்கையில் 2022 நெருக்கடிக்குப் பின் அரசு ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போக அனுமதிக்கப்பட்டபோது தாதியரும் புறப்பட்டார்கள். பின்தங்கிய பகுதிகளின் வைத்தியசாலைகளில் மிச்சமிருந்தவர்களின் சுமை கூடியது. போகிறவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் போகும்போது அவருடைய நோயாளிகள் பக்கத்தில் நிற்பவரின் கணக்கில் ஏறுகிறார்கள், பிறகு அவரும் போகிறார். இந்தச் சங்கிலியைப் போகிறவர் தொடங்கிவைக்கவில்லை.

நம்மிடம் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் முதுநிலைச் செவிலியர் மாணவர்கள் ஆய்வேடுகள் தருகிறார்கள். மன அழுத்தம் பற்றியவை அவற்றில் நிறைய. ஆனால் ஒரே மருத்துவமனையில், ஒரு சிறு கூட்டத்திடம், ஒரே முறை வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் போடுவது, பிறகு யோகாவோ மூச்சுப்பயிற்சியோ தந்து மறுபடி மதிப்பெண் போடுவது என்ற அச்சில் பல வார்க்கப்படுகின்றன. யோகா நல்லதுதான். அது இரவு டியூட்டியில் இரண்டாவது ஆளைக் கொண்டுவராது. வேலையில் இருப்பவர்களிடம் மட்டுமே கேட்பதால், விட்டுப் போனவர்களின் குரல் எந்த ஏட்டிலும் இல்லை. போகும் எண்ணம் அளக்கப்படுகிறது, போனது அளக்கப்படுவதில்லை. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்ற எண்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை.

போனதையும் அளக்கும் ஓர் ஆய்வுக்கான தொடக்கம் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 2015இல் ஒரே தேர்வெழுதி, ஒரே சமயத்தில், ஆரம்பச் சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை பரவிச் சென்ற ஏழாயிரம் பேரின் பெயர்ப் பட்டியல் அரசிடம் உண்டு. அவர்களில் யார் எந்த ஆண்டு நிரந்தரமானார், யார் எப்போது விட்டார், யார் எந்த நாட்டுக்குப் போனார், அவர் கடைசியாக வேலைசெய்த வார்டில் இரவில் எத்தனை நோயாளிகளுக்கு ஒருவர் இருந்தார் என்று தேடிப்போய்க் கேட்க ஒரு பல்கலைக்கழகமும் ஓரிரு ஆண்டு உழைப்பும் போதும். விட்டுப் போனவர்களிடமிருந்து அந்த ஆய்வு தொடங்க வேண்டும்.